இடித்தவனே கட்டு: ஒரு லண்டன் பப்பின் கதை

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

இங்கிலாந்தில் ஏதோ கோணல் பப்பை இடித்துவிட்டார்களாம். மூன்று வருடத்துக்குள் பழையபடி கட்டித் தரச் சொல்லி உத்தரவாம். ஒரு குடிக்கடைக்கு இவ்வளவு அலட்டலா? நம்மூரில் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் ரோட்டில் உட்காருகிறார்கள். அங்கே மூடாதே என்று போராடுகிறார்கள். வெள்ளைக்காரனுக்குக் குடி முக்கியம் என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

3 மார்ச் 2024

நீங்கள் சொல்வது ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி பக்கம் இருந்த குரூக்கட் ஹவுஸ். 1765-ல் கட்டின பண்ணைவீடு, பிறகு பப் ஆனது. அடியில் சுரங்கம் தோண்டியதில் மண் இறங்கி, கட்டடம் ஒரு பக்கம் நாலடி தாழ்ந்து போயிற்று. உள்ளே ஜன்னல் திண்டில் கோலிக்குண்டை வைத்தால் அது மேட்டைப் பார்த்து உருளுவது போலத் தெரியும். அதைப் பார்க்கவே கூட்டம் போகும். 2023 ஜூலையில் விற்றார்கள். ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி புல்டோசர் வந்தது. இந்த பிப்ரவரியில்தான் கவுன்சில் உத்தரவு போட்டது.

ஆனால் இது முதல் தடவை இல்லை. எனக்கு நெருக்கமான ஒன்று இதற்கு முன்பே நடந்திருக்கிறது. லண்டனில் கில்பர்ன் பக்கம், கார்ல்டன் வேல் என்ற ரோட்டில் கார்ல்டன் டாவர்ன் என்று ஒரு பப். 1920-21-ல் சாரிங்டன் என்ற மதுவடிப்பு நிறுவனம் கட்டியது. அந்த இடத்தில் அதற்கு முன்னால் இருந்த பப் முதல் உலகப்போரில் குண்டு விழுந்து போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் சுற்றிலும் குண்டு விழ, இது நின்றது. ஹிட்லருக்குத் தப்பித்த கட்டடம் 2015 ஏப்ரல் 8 அன்று ஒரு கட்டுமான கம்பெனிக்குத் தப்பவில்லை. இடித்த அன்று நானே பார்த்தேன். பிரென்ட் கவுன்சில் விடவில்லை. அப்படியே திரும்பக் கட்டு என்றது. கட்டினார்கள். இப்போது நடக்கிறது.

நான் குடிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009-லிருந்து ஐந்து வருடம் அந்தப் பக்கம் குடியிருந்தேன். பப்பில் குடித்தது லைம் சோடா மட்டும்தான்.

4 மார்ச் 2024

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. பிரென்ட் இல்லை, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில். அங்கே எல்லை குழப்பமாக இருக்கும். ரோட்டின் ஒரு பகுதி ஒரு கவுன்சில், இன்னொரு பகுதி வேறு கவுன்சில். நான் இருந்தது பிரென்ட் பக்கம், அதனால் கை தானாக எழுதிவிட்டது.

அடுத்தது: இடித்த அன்று நான் பார்க்கவில்லை. எழுதும்போது சத்தியமாகப் பார்த்ததாகத்தான் நினைத்தேன். இரவு மனைவி சொன்னாள், "2014-லேயே நாம் ஹாரோவுக்கு வந்துவிட்டோமே". யோசித்தால் சரிதான். நான் பார்த்தது செய்தியில் வந்த படம். பாதிச் சுவர் நிற்கிறது, உள்ளே மாடி அறை திறந்து கிடக்கிறது, முன்னால் செங்கல் குவியல். அந்தப் படத்தை அத்தனை தடவை பார்த்ததில் நான் அங்கே நின்றதாகவே ஆகிவிட்டது.

4 மார்ச் 2024, இரவு

சட்டப்படி என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

வாங்கின கம்பெனி அங்கே பத்து வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. 2015 ஜனவரியில் கவுன்சில் மறுத்துவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கு ஏற்கெனவே சந்தேகம். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று அதற்கு விண்ணப்பித்திருந்தார்கள். பட்டியல் வேலை பார்க்கும் அமைப்பு ஆள் அனுப்பி, உள்ளே வெளியே எல்லாவற்றையும் படமெடுத்து, ஓடுகளுக்கு பிளாஸ்டரில் அச்சுகூட எடுத்து வைத்திருந்தது. பட்டியலில் சேர்க்க இரண்டு நாள்தான் பாக்கி.

ஈஸ்டர் திங்கட்கிழமை சரக்கு கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடுங்கள் என்று பப்பை நடத்துபவரிடம் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். புதன்கிழமை புல்டோசர்.

இடித்தபின் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். லண்டனில் பத்து வீட்டு விலைக்கு முன்னால் அபராதமெல்லாம் காபிக் காசு. ஆனால் கவுன்சில், இருந்தது இருந்தபடி கட்டு என்று அமலாக்க உத்தரவு கொடுத்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 2016-ல் பொது விசாரணை நடந்தது, ஊர்க்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஜூலையில் தீர்ப்பு: கட்டித்தான் ஆகவேண்டும். அந்த பிளாஸ்டர் அச்சும் படங்களும் இல்லாவிட்டால் "இருந்தபடி" என்ற வார்த்தைக்கு அர்த்தமே இருந்திருக்காது.

2021 ஏப்ரலில் திறந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடு அப்போதுதான் தளர்ந்திருந்தது, பப்புக்கு வெளியே உட்கார மட்டும் அனுமதி. ஆறு வருடம் காத்திருந்து கட்டின கட்டடத்துக்கு உள்ளே முதல் மாதம் யாரும் உட்கார முடியாது! இதை நினைத்து இன்னும் சிரிக்கிறேன்.

6 மார்ச் 2024

"கட்டடம் சரி, பப் ஏன் முக்கியம் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை" என்று கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். நியாயம்.

என் தெருமுனையில் ஒரு பப் இருந்தது. கார்ல்டன் இல்லை, வேறு. பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆட்கள் நாலு பேரோடு போனேன். ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வந்தார். எனக்கு லைம் சோடா. அது முடிந்ததும் இன்னொருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வந்தார். எனக்கு இன்னொரு லைம் சோடா. மூன்றாவது வந்ததும் குடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். உபசரிப்பு என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல், ரவுண்டு என்றால் என்னவென்று விளக்கினார். ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கவேண்டும். தன் முறை வருவதற்குள் எழுந்து போவதைவிடக் கேவலம் அங்கே குறைவு. மூன்று சோடாவுக்குக் கடன்பட்டவனாக ஒரு வாரம் தலைகுனிந்து நடந்தேன். அடுத்த வெள்ளி முதல் ஆளாகக் கவுண்டருக்கு ஓடினேன்.

மொய் எழுதுவதுதான் இது. கணக்கு நோட்டு இல்லை, ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

6 மார்ச் 2024, கொஞ்சம் கழித்து

எழுத வந்ததை விட்டுவிட்டு சோடாக் கதை சொல்லிவிட்டேன்.

கில்பர்ன் அப்போது ஐரிஷ்காரர்களின் ஊர். ரோடு போட, சுரங்க ரயிலுக்குத் தோண்ட, கட்டட வேலைக்கு என்று ஐம்பது அறுபதுகளில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். தெருமுனை பப்பில் அப்படி ஒரு தாத்தா தினமும் ஒரே நாற்காலியில் உட்காருவார். என்னிடம் பேசவே ஆறு மாதம் ஆயிற்று, பேச ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை. அவர் வந்த காலத்தில் தங்கியது ஒரு அறையில் ஐந்து பேர். சமைக்க இடமில்லை, உட்கார நாற்காலி இல்லை. குளிர்காலத்தில் வேலைவிட்டு வந்தால் போவதற்கு வெதுவெதுப்பாக இருந்த ஒரே இடம் பப். வங்கிக் கணக்கு கிடையாது. கான்ட்ராக்டர் காசோலையைக் கொடுப்பார், அதை மாற்றித் தருபவர் பப்காரர். கமிஷன் இல்லை, ஆனால் மாற்றின பணத்தில் ஒரு பங்கு அங்கேயே பைன்ட் பைன்டாக, பெரிய டம்ளர் பீராகப் போய்விடும். சனிக்கிழமை காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் வேனும் அந்த வாசலில்தான் நிற்குமாம்.

இதைக் கேட்டவுடன் எனக்கு இரண்டு எண்ணம். ஒன்று, இது வெறும் குடிக்கடை இல்லை. தபால் ஆபீஸ், வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம் எல்லாம் அதுதான். இரண்டு, கூலியைக் கையில் வாங்குவதற்கே குடிக்கடைக்குள் போகவேண்டும் என்பது எவ்வளவு பெரிய கண்ணி! எத்தனை வீட்டில் அந்தக் காசு போய்ச் சேர்ந்திருக்காது. உங்கள் கேள்வியில் ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் சொல்வதும் இதைத்தான். அதனால் நான் பப்புக்கு வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7 மார்ச் 2024

அந்தத் தாத்தா இறந்தபோது கவுண்டரில் ஒரு பெரிய பாட்டில் வைத்தார்கள், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் போட. இரண்டு வாரத்தில் நிறைந்தது. நானும் போட்டேன்.

9 மார்ச் 2024

பப்பை டாஸ்மாக்கோடு ஒப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது என்று தோன்றுகிறது. ஒப்பிட வேண்டியது டீக்கடை. பேப்பர் படிப்பது, கட்சி பேசுவது, யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்வது, ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவது. பப்பிலும் அதேதான், டம்ளரில் இருப்பது மட்டும் வேறு. ஊர்க் கிரிக்கெட் டீம், புதன்கிழமை க்விஸ், டார்ட்ஸ், ஞாயிறு மதியம் குடும்பத்தோடு ரோஸ்ட், அதாவது வாட்டின இறைச்சிச் சாப்பாடு. குழந்தைகள் மேசைக்கடியில் தவழும்.

பெயரே பப்ளிக் ஹவுஸ்தானே. பொதுவீடு.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதற்கு ஒருவர் இரண்டே வரியில் பதில் போட்டிருக்கிறார்: "எந்த டீக்கடை? எங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடையா?"

ஒரு நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஊரிலும் இருந்தது. கொட்டாயின் மூங்கிலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், குடித்தவர்களே கழுவி வைக்கவேண்டும். சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன். நேற்று டீக்கடையைப் புகழ்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. வராமல் போனது எனக்குத்தான் வசதி.

11 மார்ச் 2024

அந்த இரண்டு வரியோடு பொதுவீட்டைத் திரும்பப் பார்க்கிறேன்.

பழைய பப்புகளில் இரண்டு மூன்று வாசல் இருப்பதைப் பார்த்திருக்கலாம். பப்ளிக் பார் ஒரு பக்கம், தரையில் பலகை, கூலிக்காரர்களுக்கு. சலூன் பார் இன்னொரு பக்கம், கம்பளம், மெத்தை நாற்காலி, அதே பீர் கொஞ்சம் கூடுதல் விலை. நடுவில் தடுப்பு. ஒரே கவுண்டரிலிருந்து இரண்டு பக்கமும் ஊற்றுவார்கள், ஆனால் இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கத்து ஆள் பார்க்கவேண்டிய அவசியமில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம், தடுப்பைத் தாண்டிப் போனால் யாரும் அடிக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தோல் நிறம் என்று வரும்போது தடுப்பு தடுப்பாகவே இருந்தது.

பர்மிங்காம் பக்கத்தில் ஸ்மெத்விக் என்ற ஊர். இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய பஞ்சாபிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அங்கே சில பப்புகளில் கறுப்பருக்கும் இந்தியருக்கும் ஊற்றமாட்டார்கள், வேறு சிலவற்றில் பப்ளிக் பாரில் மட்டும் நிற்கலாம், சலூனுக்குள் கூடாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த அவ்தார் சிங் ஜௌல் ஒரு வேலை செய்தார். வெள்ளைக்கார மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பப் பப்பாகப் போவது. மாணவர் கேட்டால் பீர் வரும், ஜௌல் கேட்டால் வராது. சாட்சி கையோடு இருக்கிறது. உரிமம் புதுப்பிக்கும்போது அதை வைத்து ஆட்சேபம் எழுப்புவது. மறியல் இல்லை, கோஷம் இல்லை, ஒரு பைன்ட் கேட்பதுதான் போராட்டம்.

1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பர்களின் தலைவர்களில் ஒருவரான மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக் வந்தார். ஜௌல் அவரை ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்குக் கூட்டிப் போனார். சலூன் பக்கம் ஊற்ற மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வருடக் கடைசியில் வந்த இன உறவுச் சட்டம் பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது.

இப்போது அந்தப் பக்கத்தில் பல பப்புகளைப் பஞ்சாபிகளே நடத்துகிறார்கள். தேசி பப் என்று பெயர். பீரோடு மிக்ஸ்டு கிரில் (சுட்ட இறைச்சி வகைகள்), தட்டில் சீசீ என்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். அதற்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். லைம் சோடாவுக்கும் மிக்ஸ்டு கிரில்லுக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது.

12 மார்ச் 2024

பெண்கள் விஷயத்தை ஒரு வாசகி கேட்டார். லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் எல் வினோ என்று ஒன்று, பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் கூடும் இடம். (பப் இல்லை, ஒயின் பார். திருத்தம் அனுப்புபவர்கள் சிரமப்படவேண்டாம்.) அங்கே பெண்கள் கவுண்டரில் நின்று வாங்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால் கொண்டுவந்து தருவார்கள். மரியாதை என்று சொன்னார்கள். ஆனால் செய்தி, வம்பு, வேலை எல்லாம் கைமாறுவது கவுண்டரில்தானே. வழக்குப் போட்டு 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லவேண்டியிருந்தது. நான் பிறந்து நாலு வருடம் கழித்து!

15 மார்ச் 2024

"அப்படியானால் மூடினால் நல்லதுதானே, ஏன் காப்பாற்றவேண்டும்?" என்கிறார் கேள்விக்காரர். நான் எழுதியதையே எனக்குத் திருப்பி வீசுகிறார்.

என் தெருமுனை பப் மூடியதைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை பூட்டு, ஒரு காகிதம். சில மாதத்தில் கீழே சின்ன சூப்பர் மார்க்கெட், மேலே வீடுகள். யாரையும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் அப்போது இல்லை. பப்பைக் கடையாக மாற்ற இங்கிலாந்தில் திட்ட அனுமதியே தேவையில்லாமல் இருந்தது. 2017 மே மாதம்தான் அதை மாற்றினார்கள். அதற்குள் நிறையப் போய்விட்டது: 2001-ல் லண்டனில் 4,835 பப், 2016-ல் 3,615.

காரணம் ஒன்றில்லை. 2007-ல் உள்ளே புகைபிடிக்கத் தடை, சூப்பர் மார்க்கெட்டில் மலிவு பீர். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 1989-ல் அரசு ஒரு சீர்திருத்தம் செய்தது. மதுவடிப்பு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பப் வைத்துக்கொண்டு தங்கள் பீரை மட்டும் விற்கின்றன என்று, 2,000-க்கு மேல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு. அவர்கள் விற்றார்கள். வாங்கியவர்கள் பீரே வடிக்காத சொத்துக் கம்பெனிகள். கடன் வாங்கி வாங்கியவர்களுக்குப் பீரும் ஒன்றுதான், மனையும் ஒன்றுதான். போட்டி வரட்டும் என்று போட்ட விதி, பப்பை மனைக்கட்டாக்கிவிட்டது.

சூப்பர் மார்க்கெட் வசதிதான். பால் வாங்க நானே தினமும் போனேன். ஆனால் தாத்தா இறந்தது பப் மூடுவதற்கு முன்னால். பின்னால் இறந்திருந்தால் அந்தப் பாட்டிலை எங்கே வைத்திருப்பார்கள்? செல்ஃப் செக்கவுட் பக்கத்திலா?

16 மார்ச் 2024

தெற்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 1930-களில் கட்டின பப். எழுபதுகளில் வேறு பெயரில் இருந்தபோது ராக் கச்சேரிகளுக்குப் பேர் போனது. 2012-ல் மூடினார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள், பிறகு 2011-ல் வந்த ஒரு சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். ஊருக்குப் பயன்படும் இடம் என்று கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால், விற்கும்போது ஊர் பணம் திரட்ட ஆறு மாதம் வரை விற்பனையை நிறுத்திவைக்க அந்தச் சட்டம் அப்போது வழி செய்தது. அப்படிப் பதிவான முதல் இடம் இந்த பப்தான். மானியமும் கடனும் வாங்கி 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். பிறகு 371 பேர் பங்கு போட்டு 1,42,600 பவுண்டு சேர்த்தார்கள். 2013 ஆகஸ்டில் திறந்தது. கூட்டுறவுச் சங்கம் மாதிரிதான், எவ்வளவு போட்டாலும் ஓட்டு ஒன்று.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு "லாபம் எத்தனை சதவீதம்?" என்றார். சீட்டுக் கம்பெனி இல்லை என்று விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

20 மார்ச் 2024

கார்ல்டனுக்குப் போன ஞாயிறு போனேன், இதை எழுதுவதால்தான். வெளியே நின்று பார்த்தால் வயது தெரியவில்லை. கிட்டே போய் ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன். எது பழசு, எது அச்சிலிருந்து செய்தது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். உள்ளே ஒரு பக்கம் குழந்தைக்குப் பிறந்தநாள், இன்னொரு பக்கம் தனியாக ஒருவர் பேப்பரோடு. தனியாக உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

கட்டடம் பிழைத்துவிட்டது. அந்த ஐரிஷ் தாத்தா மாதிரி ஆட்கள் இன்னும் அந்தப் பகுதியில் இருக்க முடிகிறதா என்றால், அங்கே வாடகை கொடுக்க முடியாமல்தான் நானே ஹாரோவுக்கு வந்தேன். அதை எந்த அமலாக்க உத்தரவும் திருப்பிக் கட்டாது.

24 மார்ச் 2024

கேள்விக்காரர் கடைசியாக: "சரி, குடிக்காதவன் போனால் முறைக்கமாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

நேற்று மாமியாரை ஹாரோவில் எங்கள் வீட்டுப் பக்கத்து பப்புக்குக் கூட்டிப் போனோம். ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. வாசலில் ரொம்ப நேரம் தயங்கினார், சேலையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மழை, உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைக் கணப்புப் பக்கம் நகர்த்தச் சொன்னார். "டீ கிடைக்குமா மாப்பிள்ளை?" என்றார். கிடைத்தது. பையை வெந்நீரில் போட்டு, பாலைத் தனியாக ஒரு குட்டிக் குவளையில் வைத்துவிட்டார்கள், இதற்கா இத்தனை காசு என்று அவருக்குக் குறை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசை நாயின் பெயரைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஃபிளாஸ்கில் டீ போட்டு எடுத்துவரலாமா என்று கேட்கிறார்.